இரண்டாவது சாவி

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்)

பட்டாசுத் தொழிலில் கையில் மொத்தமாகப் பணம் புழங்குவது ஆண்டுக்கு ஒரு முறைதான். தீபாவளியை ஒட்டி போனஸ் பட்டுவாடா ஆனதும் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் வீதிகளில் புதிய மோட்டார் சைக்கிள்கள் தென்படத் தொடங்கும். இருக்கையின் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமலும், கைப்பிடியில் மாலை அசைந்தாடவும் அவை வலம் வரும். சிலர் கோயில் வாசலில் நிறுத்திச் சந்தனம், குங்குமம் இட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவர். எங்களுள் கிறிஸ்தவர் வீடுகளில் வண்டியை ஆலயத்துக்குக் கொண்டு சென்று, பங்குத் தந்தையிடம் மந்திரித்த பின்னரே முதல் சவாரி போவர். சடங்கு வேறானாலும் சந்தோஷம் ஒன்றே. தெருவே கூடி நின்று வண்டியைத் தடவிப் பார்க்கும். "என்ன விலை? மைலேஜ் எவ்வளவு? தவணை எத்தனை மாசம்?" என்ற கேள்விகள் பறக்கும்.

இந்த மகிழ்ச்சியைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு நாள் விவாதம் எழுந்தது. "கடன் வாங்கி வண்டி எடுப்பது வீண் ஆடம்பரம்" என்றனர் சிலர். "வீட்டுக்கு ஒரு வண்டி அவசியம்" என்றனர் சிலர். "இதில் நமக்கென்ன? அது ஆண்பிள்ளைகள் சமாச்சாரம்" என்று சிரித்தனர் சிலர். மூன்றாவதாகச் சொன்னதுதான் எங்களை அதிகம் பேச வைத்தது. பேசிப் பேசி நாங்கள் கண்ட முடிவை ஆண்டு மலரின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். பெரியோர் பொறுமையுடன் படிப்பார்களாக!

முதலில் மகிழ்ச்சியின் பக்கம் பேசுவோம். புதிய மோட்டார் சைக்கிளை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது. எங்கள் கந்தக பூமியில் அந்த வண்டி எப்படி வருகிறது? குழாய் உருட்டி, திரி வைத்து, பெட்டியில் அடுக்கி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் கைகள் அதைச் சம்பாதிக்கின்றன. மழை வந்தால் பட்டாசு காயாது, வேலையும் இராது. அப்படிப்பட்ட வீட்டில் நான்கு காசு மிச்சம் பிடித்து, முன்பணம் கட்டி, ஒரு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவது சிறிய காரியமா? அது அந்தக் குடும்பத்தின் உழைப்புக்குக் கிடைத்த பதக்கம் அல்லவா? வண்டியின் முகப்பில் பிள்ளைகளின் பெயரை எழுதி வைப்பதைப் பாருங்கள். "தாய் தந்தை ஆசி" என்று ஒட்டியிருப்பதைப் பாருங்கள். அவர்கள் மனத்தில் அந்த வண்டி இரும்புப் பொருளாக மட்டும் இருக்கவில்லை என்பது விளங்கும்.

அதன் பயனும் கொஞ்சமா? வெம்பக்கோட்டைப் பக்கத்திலும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலும் உள்ள கிராமங்களில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்துக்காக வெயிலில் வாடி நிற்க வேண்டும். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வாசலில் வண்டி நின்றால் இந்தத் தவிப்பெல்லாம் பாதியாகிறது. வண்டியின் உண்மையான மகிழ்ச்சி இதுதான் என்பது எங்கள் கருத்து. யாருக்காகவும் காத்திராமல், யாரிடமும் கெஞ்சாமல், நினைத்த நேரத்தில் கிளம்பலாம் என்ற நினைப்பே மனிதனை ஒரு சாண் உயர்த்திவிடுகிறது.

ஓட்டும் இன்பமோ வேறு விதம். அதிகாலையில் சிவகாசியிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இரு பக்கமும் கரிசல் காடு. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. முகத்தில் மோதும் காற்றில் ஈரம் இருக்கும். பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்தால் ஊர் நம்மைக் கடந்து ஓடும். இரு சக்கர வண்டியில் போகும்போது நாமே ஊருக்குள் ஓடுகிறோம். அப்பாவின் பின்னாலும் அண்ணனின் பின்னாலும் அமர்ந்து நாங்கள் இந்த இன்பத்தில் பாதியை அறிவோம். மீதிப் பாதி முன் இருக்கையில் இருக்கிறது.

இந்த வண்டி ஓடுவது எதனால் என்று அறிந்தால் சிவகாசிக்காரர்களுக்கு அதன் மேல் உரிமையே உண்டாகிவிடும்! பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் அதை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. கலவை கணத்தில் எரிந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பின்னர்ப் புகை சைலன்சர் வழியே வெளியேறுகிறது. உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற இந்த நான்கு வீச்சு முறையை 1876-இல் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ செய்து காட்டினார். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில், ஒரு சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு 1,500 முறை தீப்பற்றுகிறது. அதாவது ஓர் ஆயிரம் வாலாவும் ஓர் ஐந்நூறு வாலாவும் ஒரே நிமிடத்தில், நம் கால்களுக்கு இடையே, ஒரு சிறு இரும்புக் கூட்டுக்குள் எரிந்து முடிகின்றன! கட்டுக்குள் வைத்த நெருப்பு மனிதனுக்கு ஊழியம் செய்யும். கட்டு மீறினால் அவனையே விழுங்கும். எங்கள் ஊருக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளின் வரலாறும் நெருப்போடுதான் தொடங்குகிறது. 1885-இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச் சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி முதல் பெட்ரோல் இரு சக்கர வண்டியை உருவாக்கினர். டைம்லரின் மகன் பால் அதை வெள்ளோட்டம் விட்டபோது, சூடேறிய எஞ்சினால் இருக்கை தீப்பற்றியது என்று சொல்வர். நம் மாநிலத்துக்கு வந்தால், 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, இங்கிலாந்தின் புல்லட் வண்டியை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புறப்பட்ட அதன் 'டப் டப்' ஓசை ஒரு காலத்தில் பெரிய மனிதர் வருகிறார் என்பதற்கு அடையாளமாயிற்று. பின்னர் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் அமரத்தக்க மொபெட் இந்தியாவில் அதுவே முதலாவது. புல்லட் பெரிய மனிதரின் வண்டி என்றால், மொபெட் ஏழையின் வண்டி ஆயிற்று. காய்கறி மூட்டை, பால் கேன், தண்ணீர்க் குடம் எல்லாம் அதில் ஏறின. தலைமுறை தோறும் வண்டியின் மகிழ்ச்சி ஒரு படி கீழே இறங்கி, எளியோர் வாசலுக்கு வந்து கொண்டிருக்கிறது. இது நல்ல செய்தியே!

ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, இந்த மகிழ்ச்சி வாசல் வரை வந்துவிட்டது. வீட்டுக்குள் எல்லாரிடமும் வந்து சேர்ந்ததா? இதுதான் எங்கள் கேள்வி. புதிய வண்டி வாங்கும்போது கடைக்காரர் இரண்டு சாவி கொடுக்கிறார். ஒன்று வண்டியை ஓட்டும் ஆணின் சட்டைப் பையில் இருக்கும். மற்றொன்று எங்கே? பெரும்பாலான வீடுகளில் அது பீரோவுக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு சிறு உறையில் உறங்குகிறது. முதல் சாவி தொலைந்தால்தான் அதற்கு விடிவு. அந்த வண்டிக்குத் தவணை கட்டுவதில் அம்மாவின் கூலியும் சேர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்த இரண்டாவது சாவியை எடுத்துப் பார்க்கும் எண்ணம் அம்மாவுக்கும் வருவதில்லை, எங்களுக்கும் தருவதில்லை.

பெண்ணின் இடம் பின் இருக்கை என்பதைச் சட்டமே மனத்தில் கொண்டிருக்கிறது போலும்! 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி என்று ஒன்று உண்டு. பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், அவருடைய ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும் என்கிறது அது. நாம் சாரி கார்டு என்று சொல்வது அதைத்தான். அந்த விதி பல உயிர்களைக் காத்தது. அதை நாங்கள் நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் சேலை கட்டியவள் முன்னால் அமர்ந்து ஓட்டுவாள் என்று அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? எங்கள் வீட்டுப் பெரியவர்களும் எண்ணவில்லை. பின்னால், ஒரு பக்கமாகத் திரும்பி, மடியில் குழந்தையையும் கையில் பையையும் வைத்துக்கொண்டு போவதையே பெண்மைக்கு அழகு என்று நினைத்துவிட்டார்கள்.

பெண்கள் வண்டி ஓட்ட வேண்டும் என்றதும் எழும் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

"ஆபத்து" என்பது முதல் ஆட்சேபம். இதைக் கேட்கும்போது எங்களுக்கு வியப்பே மேலிடுகிறது. எந்த ஊரில் இதைச் சொல்கிறார்கள்? அதிகாலையில் ஆலை வேனில் நெருக்கியடித்து ஏறி, வெடிமருந்தின் நடுவே பகலெல்லாம் அமர்ந்து, அலுமினியத் தூள் படிந்த கைகளோடு மாலையில் பெண்கள் திரும்பும் ஊரில் சொல்கிறார்கள்! 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் நடந்த கோரங்களை யாரால் மறக்க முடியும்? அச்சங்குளத்தில் மாண்டோரில் எங்களைவிடச் சற்றே மூத்த பெண்களும் இருந்தனர். பிழைப்புக்காக வெடிமருந்தைத் தொடலாம். சொந்தக் காலில் நிற்க ஒரு வண்டியின் கைப்பிடியைத் தொடக் கூடாதா? திரியை மயிரிழை பிசகாமல் பொருத்தும் கைக்கு ஆக்சிலேட்டரை நிதானமாகத் திருகத் தெரியாதா?

சாலையில் ஆபத்து இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆபத்தோடு வாழ ஒரு வழி உண்டு; அதன் பெயர் ஒழுங்கு. உற்பத்தி அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது. நைலான் உடுத்தாமல் பருத்தி உடுத்த வேண்டும். தீப்பெட்டியும் கைப்பேசியும் வாசலோடு நிற்க வேண்டும். இந்த விதிகள் காக்கப்படும் ஆலையில் மக்கள் மாலையில் வீடு திரும்புகிறார்கள். மீறப்படும் ஆலையில் செய்தித்தாளில் இடம்பெறுகிறார்கள். சாலைக்கும் இதே நீதிதான். ஆபத்து என்று ஒதுக்கி வைத்தால் பயம் வளரும். முறையாகக் கற்பித்தால் பொறுப்பு வளரும்.

"பெண்ணுக்குப் பலம் போதாது" என்பது இரண்டாவது ஆட்சேபம். புல்லட்டை உதைத்துக் கிளப்ப வேண்டியிருந்த காலத்தில் இதில் ஓரளவு பொருள் இருந்திருக்கலாம். ஆனால் 1984-இல் கைனடிக் ஹோண்டா வந்தபோதே, கியரும் கிளட்சும் இல்லாமல், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டி நம் நாட்டுக்கு வந்துவிட்டது. இன்று மோட்டார் சைக்கிள்களும் பொத்தானில் கிளம்புகின்றன. பலம் என்ற சாக்கைப் பொறியியல் எடுத்துவிட்டது. மனிதர்தாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரலாற்றைக் கேட்டாலோ அது வேறு கதை சொல்கிறது. உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணத்தைச் செய்தவரே ஒரு பெண்மணிதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே, அவர் கண்டுபிடித்த மூன்று சக்கர வண்டியை மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தம் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். 1916-இல் வான் பியூரன் சகோதரியர் இருவர் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தனர். வழியில் சில ஊர்களில் காவலர் அவர்களைத் தடுத்து நிறுத்தியது வேகத்துக்காக என்றா நினைக்கிறீர்கள்? ஆண்கள் உடையை அணிந்ததற்காக! 1934 டிசம்பரில் தெரசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்ற தோழியர் இருவர் இலண்டனில் புறப்பட்டு, சகாராப் பாலைவனத்தை மோட்டார் சைக்கிளில் தாண்டி, மறு ஆண்டு கேப் டவுனை அடைந்தனர். நம் சென்னையில் அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஆண்களோடு போட்டியிட்டுப் பெயர் பெற்றார். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே அமைந்த மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021-இல் அறிவித்தது. வண்டியைப் பூட்டத் தெரிந்த கைக்கு ஓட்டத் தெரியாதா?

"ஊர் என்ன சொல்லும்?" என்பது மூன்றாவது ஆட்சேபம். மூன்றிலும் வலியது இதுதான். இதற்கு விடையை எங்கோ வெளிநாட்டில் தேட வேண்டாம். எங்களைப் போலவே வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டையில் தேடுவோம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தனர். வயல் வேலை செய்வோர், கல் உடைப்போர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினர். ஊர் கேலி செய்தது. அவர்கள் ஓட்டுவதை நிறுத்தவில்லை. 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி பறக்க, மணி ஒலிக்க 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர் என்று பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினராம். ஏன் தெரியுமா? முன்னால் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! அந்த இயக்கத்தின் சிறப்பைக் கண்டு யுனிசெஃப் நிறுவனம் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட்டுகள் வழங்கியது. சைக்கிளில் தொடங்கியது மோட்டார் வண்டியில் வந்து நின்றது. கேலி செய்த ஊர் கொஞ்ச நாளில் பழகிப்போயிற்று. ஊர் என்பது அப்படித்தான். முதல் நாள் சிரிக்கும், மறு நாள் பார்க்கும், மூன்றாம் நாள் தன் மகளுக்கும் கற்றுக்கொடுக்கும்.

அரசும் இதை உணராமல் இல்லை. 2018 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. 2021-இல் ஆட்சி மாறிய பின் அத்திட்டம் கைவிடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எது மேல் என்று கட்சி கட்டிப் பேசுவது எங்கள் வேலை இல்லை. பேருந்து எல்லாருக்கும் உதவுகிறது; அதை நாங்கள் நாள்தோறும் அனுபவிக்கிறோம். வண்டியோ பேருந்து போகாத இடத்துக்கும், பேருந்து இல்லாத நேரத்துக்கும் உதவுகிறது. முந்தைய திட்டத்தில் எங்களைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. மானியம் வேண்டுமானால் அந்தப் பெண்ணே உரிமம் எடுத்திருக்க வேண்டும். பணத்தைவிட அந்த நிபந்தனை பெரியது என்று கருதுகிறோம். அதற்காகவே எத்தனையோ அக்காமார் முதன் முதலாக எட்டுப் போடக் கற்றிருப்பார்கள்!

இவ்வளவு வாதாடுவது உல்லாசப் பயணத்துக்காக என்று எவரும் எண்ண வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எங்களில் பலருடைய வீட்டில் முதலில் எழும் கேள்வி "என்ன படிக்கப் போகிறாய்?" என்பதன்று. "எப்படிப் போய் வருவாய்?" என்பதே. மதிப்பெண் குறைந்த அண்ணனுக்கு, கல்லூரி தூரம் என்ற காரணத்தால் வண்டி வாங்கித் தரப்படுகிறது. மதிப்பெண் மிகுந்த தங்கைக்கு, அதே கல்லூரி தூரம் என்ற அதே காரணத்தால் படிப்பு நிறுத்தப்படுகிறது. தூரம் ஒன்றுதான், அவனுக்கு அது வண்டியாகிறது, அவளுக்கு அது சுவராகிறது. இதை எண்ணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளின் வீட்டருகே கொண்டுவரப் பாடுபட்டார். கல்லூரியை எல்லா வாசலுக்கும் கொண்டுவர இயலாது. பெண்ணைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டு செல்லும் வழியையாவது அடைக்காமல் இருக்கலாமே!

உரிமை கேட்கும் நாங்கள் கடமையையும் பேச வேண்டும். எங்களில் பெரும்பாலோர் இன்னும் பதினெட்டு வயதை எட்டவில்லை. 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறு. மற்ற வண்டிகளுக்குப் பதினெட்டு என்று மோட்டார் வாகனச் சட்டம் வயதை வரையறுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர்க்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஆகவே இன்றே சாவி கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வயது வந்த அன்று கொடுப்போம் என்ற வாக்கைத்தான் கேட்கிறோம். எங்கள் தம்பிமாரும் அதே வயது வரை காத்திருக்கட்டும். பதினைந்து வயதுப் பையன் மூவரை ஏற்றிக்கொண்டு பறப்பதைப் பார்த்து "வீரன்" என்று மெச்சும் வழக்கமும், இருபது வயதுப் பெண் உரிமத்தோடு நிதானமாகப் போவதைப் பார்த்து "துணிச்சல்காரி" என்று முகம் சுளிக்கும் வழக்கமும் ஒன்றாக ஒழியட்டும்.

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஜூலை 1 முதல் அதைக் கட்டாயமாக்கி அமல்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது மரண ஆபத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். பின்னால் அமர்பவருக்கும் அது தேவை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். முன்னால் இருப்பவர் தலையில் கவசம். பின்னால் இருக்கும் அம்மாவின் தலையில் மல்லிகைப் பூ! பூவும் இருக்கட்டும், கவசமும் இருக்கட்டும். அம்மாவின் தலை என்ன, மலிவா?

புதிய வண்டியோடு வரும் கையேட்டை எங்களில் சிலர் எடுத்துப் படித்தோம். புதிய எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வேகமாக விரட்டக் கூடாது. பகுதிகள் ஒன்றோடொன்று பழகப் பொறுமையாக ஓட்ட வேண்டும். முதல் சர்வீஸ் தவறக் கூடாது என்று அதில் இருக்கிறது. பிறர் கண்படக் காட்டும் வேகத்தில் புதிய வண்டியின் இன்பம் இல்லை; அதைப் பழக்கும் பொறுமையில் இருக்கிறது. வண்டிக்குத் தரும் இந்தப் பொறுமையை, அதைக் கற்க வரும் மகளுக்கும் தந்தால் போதும். முதல் நாள் அவள் தடுமாறுவாள். நடு வழியில் வண்டி நின்றுவிடும். "இதுக்குத்தான் சொன்னேன்" என்று சாவியைப் பிடுங்காமல் இன்னொரு முறை கிளப்பச் சொல்லுங்கள்.

எங்கள் வேண்டுகோள்கள் மூன்றே மூன்று. அடுத்த போனஸுக்கு வண்டி வாங்கும் தந்தையரே, அம்மாவும் உழைத்துத் தவணை கட்டுகிறார் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் அம்மாவின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். அண்ணன்மாரே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம், வாகனம் வராத மைதானத்தில், வயது வந்த உங்கள் அக்கா தங்கைக்குக் கற்றுக்கொடுங்கள். உங்கள் மகிழ்ச்சி குறையாது, இரட்டிக்கும். தோழியரே, பதினெட்டு நிறைந்ததும் முறையாக எல்.எல்.ஆர். போட்டு, எட்டுப் போட்டு, உரிமம் பெறுங்கள். வண்டி வாங்க வசதி பிறகு வரலாம், உரிமம் முதலில் வரட்டும்.

கடைக்காரர் கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் உறங்கியது போதும். அதை எடுத்து வாசல் ஆணியில், எல்லார் கைக்கும் எட்டும்படி மாட்டி வையுங்கள். உரிமம் பெற்ற நாளில் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.